எக்ஸான்மொபில் இயக்குநர் குழுவுக்கு: இந்த முறை கையெழுத்தை முன்னாலேயே போடுங்கள்

எக்ஸான்மொபில் நிறுவனத்தின் இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம்.

நான் வடசென்னைக்காரி. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் எர்ணாவூர் கரையில் கொட்டியிருக்கும் பாறைகளுக்கு நடுவே வந்து தேங்கியது. பெரிதாக ஒன்றும் கசியவில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். நாலைந்து நாள் கழித்து நானும் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு அங்கே போய் நின்றேன். மீனவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், கடலோரக் காவல்படையினர் எல்லோரும் பாறை மேல் வரிசையாக நின்று கைக்குக் கை வாளி மாற்றினோம். உறிஞ்சுவதற்குக் கொண்டுவந்த இயந்திரங்கள் திணறிக்கொண்டிருந்தன. அலையில் அடிபட்டுக் கடல்நீரோடு கலந்த எண்ணெய் ஆறிப்போன களி மாதிரி இறுகிவிடுகிறது. வாளியைக் கவிழ்த்தால்கூட விழாது, கையால் வழித்துத்தான் போட வேண்டும். வீட்டுக்கு வந்து தேங்காய் எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, அப்புறம் மண்ணெண்ணெயும் தொட்டுத் துடைத்தேன். அப்படியும் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போக இரண்டு வாரம் ஆனது.

அந்தக் கசிவுக்கும் உங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் என் பக்கத்தில் வாளி பிடித்துக்கொண்டிருந்த மீனவ அண்ணன் ஒருவர், "இதுக்கெல்லாம் காசு யாரும்மா குடுப்பாங்க? எப்போ குடுப்பாங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் தேடிப் போனபோதுதான் எக்ஸான் வால்டீஸ் என்ற உங்கள் எண்ணெய்க் கப்பலின் வரலாற்றைப் படித்தேன். யார் கொடுப்பார்கள் என்பதற்குச் சட்டத்தில் ஏதோ ஒரு பதில் இருக்கிறது. எப்போது என்பதற்கு உங்கள் நிறுவனம் காட்டிய பதில் பத்தொன்பது வருடம். இந்த மடல் அந்தப் பத்தொன்பது வருடத்தைப் பற்றியது.

1989 மார்ச் 23, இரவு 9 மணி 12 நிமிடத்துக்கு அலாஸ்காவின் வால்டீஸ் முனையத்திலிருந்து எக்ஸான் வால்டீஸ் கிளம்பியது. வயிற்றில் 5 கோடி காலனுக்கு மேல் கச்சா எண்ணெய். கொலம்பியா பனியாற்றிலிருந்து உடைந்து வந்த பனிக்கட்டிகளுக்கு ஒதுங்குவதற்காகக் கப்பல் வழக்கமான பாதையை விட்டு விலகியது. கப்பல் தலைவர் மேல்தளத்தை விட்டுக் கீழே போய்விட்டார். களைத்துப்போயிருந்த மூன்றாம் நிலை அதிகாரியின் கையில் கப்பல் இருந்தது. திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவில்லை. நள்ளிரவு தாண்டி நாலு நிமிடத்தில் பிளை பாறைத்திட்டில் ஏறி நின்றது. பதினொரு சரக்குத் தொட்டிகளில் எட்டு கிழிந்தன. அடித்தட்டு ஒற்றைத் தகடு. சுமார் 1 கோடியே 10 லட்சம் காலன், அதாவது நாலு கோடி லிட்டருக்கு மேல், பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் என்ற அந்த உள்கடலில் கொட்டியது. விடிந்தால் புனித வெள்ளி.

கப்பல் தலைவரின் குடிப்பழக்கத்தைப் பற்றித்தான் உலகம் அதிகம் பேசியது. போதையில் கப்பல் ஓட்டினார் என்ற குற்றச்சாட்டிலிருந்து அலாஸ்கா நீதிமன்றம் அவரை விடுவித்தது, கவனக்குறைவாக எண்ணெய் கொட்டவிட்டார் என்பதற்கு மட்டும் தண்டித்தது. ஆனால் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து எழுதிய காரணங்களில் உங்கள் கப்பல் நிறுவனத்தின் பெயரும் இருக்கிறது. தகுதியான தலைவரையும், போதுமான, ஓய்வெடுத்த ஆட்களையும் கொடுக்கவில்லை என்று அது சொன்னது. என்னைப் பொறுத்தவரை, ஒரு மனிதனின் கோப்பையைக் காட்டி இவ்வளவு பெரிய கதையை முடித்துவிட முடியாது.

வால்டீஸ் முனையத்தை நடத்திய அலியெஸ்கா கூட்டு நிறுவனத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. கசிவு நடந்தால் ஐந்து மணி நேரத்துக்குள் ஆட்களும் கருவிகளும் போய்ச் சேரும் என்று அவர்களுடைய திட்டத்தில் எழுதியிருந்தது. அன்றைக்குக் கருவிகளைச் சுமந்து போக வேண்டிய பார்ஜ் என்ற தட்டைப் படகு பழுதுபார்ப்பில் கிடந்தது. கருவிகள் பனிக்கு அடியில் இருந்தன. போய்ச் சேரப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குப் பிறகும் கடல் உங்களுக்குக் கருணை காட்டியது. ஏறக்குறைய மூன்று நாள் அலையே இல்லை. எண்ணெய் ஒரே இடத்தில் கிடந்தது. மூன்றாம் நாள் இரவு புயல் வந்தது, அதோடு கைமீறிப்போனது. கடைசியில் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை கறைபட்டது. உங்கள் அன்றைய தலைவர் அலாஸ்காவுக்கு நேரில் வர மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

கடல் நீர்நாய்க்குத் திமிங்கிலத்தைப் போலத் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது. அடர்ந்த மயிருக்குள் சிக்கியிருக்கும் காற்றுதான் அதற்குக் கம்பளி. எண்ணெய் பட்டதும் மயிர் ஒட்டிக்கொள்ளும், காற்று போய்விடும், பனித்தண்ணீர் தோலைத் தொடும். குளிர் தாங்காமல் அது தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யப் பார்க்கும். நக்க நக்க எண்ணெய் வயிற்றுக்குள் போகும். ஈரலும் நுரையீரலும் கெட்டுச் சாகும். இப்படிச் செத்தவை சுமார் 2,800 என்பது மதிப்பீடு. கடற்பறவைகள் இரண்டரை லட்சம். கடல்நாய்கள் 300, வெண்தலைக் கழுகுகள் 250. கணக்கில் சொல்லிவிட்டுப் போவது சுலபம். எர்ணாவூரில் கறுப்புப் பூசிய ஒரே ஒரு ஆமையைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் நீங்கள் சுத்தம் செய்தீர்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களை இறக்கினீர்கள். நாலு கோடைக்காலம் வேலை நடந்தது. 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்தோம் என்றீர்கள், அதை நான் மறுக்கவில்லை. 60 டிகிரி வெந்நீரை அழுத்தத்தோடு பீய்ச்சிப் பாறைகளைக் கழுவினீர்கள். பாறையில் எண்ணெய்க்குத் தப்பி உயிரோடு இருந்த சிப்பி, பாசி, நத்தை எல்லாம் அதில் வெந்தன. வெந்நீர் படாமல் விட்ட கரைகளைவிட வெந்நீரால் கழுவிய கரைகள் தேறி வர அதிக நாள் எடுத்துக்கொண்டன என்று பிற்பாடு அமெரிக்க அரசின் கடலாய்வாளர்கள் கண்டார்கள். கரை பளிச்சென்று தெரிந்ததா என்றால் தெரிந்தது. தொலைக்காட்சியில் காட்டும் அளவுக்குத் தெரிந்தது.

கார்டோவா என்று ஒரு சின்ன ஊர். சாலை வழியாகப் போக முடியாது, கடல் அல்லது ஆகாயம்தான் வழி. பிழைப்பு மீன். வசந்தத்தில் முதலில் வருவது ஹெர்ரிங், நம் மத்திக்கும் சாளைக்கும் சொந்தக்கார மீன், அதே மாதிரி கூட்டம் கூட்டமாக வரும். குளிர்காலம் முழுக்கக் கையில் காசு இல்லாமல் இருந்த வீடுகளுக்கு அதுதான் முதல் வரவு. 1993இல் ஹெர்ரிங் கூட்டம் சரிந்துபோனது. இடையில் ஓரிரு பருவம் திறந்து பார்த்தார்கள், 1999இலிருந்து மறுபடி மூடிவிட்டார்கள். எண்ணெயால்தானா, நோயாலா என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். நியாயமாகப் பார்த்தால் இது முடிவாகத் தெரியாத விஷயம் என்றுதான் நானும் எழுத வேண்டும். ஆனால் கடன் வாங்கிப் படகும் மீன்பிடி உரிமமும் எடுத்தவர்களுக்கு வங்கித் தவணை அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கவில்லை. 1993 ஆகஸ்டில் மீனவர்கள் படகுகளைக் கொண்டுபோய் வால்டீஸ் நீரிணையில் குறுக்கே நிறுத்தி மூன்று நாள் எண்ணெய்க் கப்பல்களை மறித்தார்கள். தங்கள் கடலில் என்ன நடக்கிறது என்று யாராவது ஆராய்ந்து சொல்லுங்கள் என்பது அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது.

செனீகா என்ற அலுட்டீக் பழங்குடிக் கிராமத்தைப் பற்றியும் உங்கள் கூட்டத்தில் ஒருமுறை பேசுங்கள். 1964இல் புனித வெள்ளியன்று வந்த நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அந்த ஊரை அடித்துக்கொண்டு போயின. உயிர் தப்பியவர்கள் இருபது வருடம் சிதறிக் கிடந்து, 1984இல்தான் இன்னொரு தீவில் ஊரைக் கட்டி மறுபடி ஒன்றுகூடினார்கள். ஐந்தே வருடம். இன்னொரு புனித வெள்ளியன்று உங்கள் எண்ணெய் கொட்டியது, அவர்கள் கரைக்கும் வந்து சேர்ந்தது. கடல்நாய்க் கறியும் சால்மனும் சிப்பியும் கடையில் வாங்கும் பண்டமாக இல்லாமல், அம்மா பிள்ளைக்கு எடுக்கக் கற்றுக்கொடுக்கும் உணவாக இருந்த ஊர் அது. சாப்பிடலாமா கூடாதா என்று யாரைக் கேட்பது? எண்ணூரில் மீன் கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காக்களிடம் ஜனங்கள் மீனை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அக்காக்கள் அப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சரி, காசு விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருடத்திலேயே பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு 30 கோடி டாலர் தானாகவே கொடுத்ததாகச் சொல்கிறீர்கள். அது நல்ல காரியம். அதே பாதையில் போயிருந்தால் நான் இந்த மடலை எழுதியிருக்கமாட்டேன். 1991இல் அரசுகளோடு உடன்பாடு: சிவில் கணக்கில் 90 கோடி டாலர். குற்ற அபராதம் 15 கோடி, அதில் 12.5 கோடி தள்ளுபடி. 1994இல் ஆங்கரேஜ் நகர ஜூரி, 32,000க்கும் மேற்பட்ட மீனவர்கள், பழங்குடியினர், நில உடைமையாளர்களுக்காக 500 கோடி டாலர் தண்டத்தொகை, அதாவது இழப்பீட்டுக்கு மேல் தண்டனையாகக் கொடுக்க வேண்டிய பணம், விதித்தது. அப்போதிலிருந்து நீங்கள் மேல்முறையீட்டுக்கு மேல் மேல்முறையீடு போனீர்கள். 2006இல் 250 கோடியானது. 2008 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை 50.75 கோடியாகக் குறைத்தது. அதற்கு முந்தைய வருடம், 2007இல், உங்கள் லாபம் 4,060 கோடி டாலர். அப்படியானால் அந்தத் தண்டத்தொகை உங்களுக்கு ஐந்து நாள் லாபம்கூட இல்லை. வட்டியையும் சேர்த்துக் கொடுங்கள் என்று 2009இல் இன்னொரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் காத்திருந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் தீர்ப்பு வருவதற்கு முன்பே இறந்துபோனார்கள்.

அந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. ஜூரிகள் விதிக்கும் தண்டத்தொகைகள் கணிக்க முடியாதவை என்று காட்டும் சில ஆய்வுகளைப் பற்றியது. அவற்றுக்கு ஓரளவு பணம் கொடுத்தது எக்ஸான் என்பதால் அவற்றைச் சார்ந்து முடிவெடுக்கப்போவதில்லை என்று நீதிபதி எழுதினார். இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக வந்தது. ஆராய்ச்சிக்குச் செலவழிக்க மனது இருந்திருக்கிறது. அந்தக் காசும் அந்த வருடங்களும் கார்டோவாவுக்குப் போயிருக்கலாமே.

மேல்முறையீடு உங்கள் உரிமை என்பீர்கள். உரிமைதான். கப்பல் பாறையில் ஏறியது விபத்து. ஆனால் 1994க்கும் 2008க்கும் இடைப்பட்ட பதினாலு வருடத்தில் விபத்து எதுவும் இல்லை. அது ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. 1991 உடன்பாட்டில், அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காத சேதம் பின்னால் தெரியவந்தால் அதிகபட்சம் 10 கோடி டாலர் வரை கூடுதலாகக் கேட்கலாம் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். 2001இல் ஆய்வாளர்கள் தொண்ணூறு கரைகளில் ஆயிரக்கணக்கான குழிகள் தோண்டிப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்ட கரைகளில் கல்லுக்கும் சரளைக்கும் அடியில் எண்ணெய் இருந்தது. பன்னிரண்டு வருடம் கழித்தும் வாசம் அடித்தது, கையில் ஒட்டியது. காற்றும் வெளிச்சமும் படாத இடத்தில் எண்ணெய் மக்குவதில்லை. 2006இல் மத்திய அரசும் அலாஸ்கா அரசும் அந்தப் பிரிவின்படி 9.2 கோடி டாலர் கேட்டன. நீங்கள் கொடுக்கவில்லை. 2015இல் அரசுகளே கோரிக்கையைக் கைவிட்டன. ஏடி1 என்று ஆய்வாளர்கள் எண் கொடுத்திருக்கும் ஓர்க்கா (கொலைத் திமிங்கிலம்) குடும்பத்தில் கசிவுக்கு முன் 22 திமிங்கிலங்கள் இருந்தன. ஒன்பது உடனேயே காணாமல் போயின. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. ஏழெட்டுதான் மிச்சம், அவை கிழடாகி முடிந்தால் அந்த வம்சம் முடிந்தது.

கப்பல் என்ன ஆனது என்பது என்னைப் போன்ற இந்தியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், பலருக்குத் தெரியாது. அதன் பெயரை மாற்றினீர்கள். அதை இயக்கிய எக்ஸான் ஷிப்பிங் நிறுவனத்தின் பெயரையும் சீரிவர் என்று மாற்றினீர்கள். 1990இல் வந்த எண்ணெய் மாசுச் சட்டம் அந்தக் கப்பல் மறுபடி அலாஸ்காவின் அந்தக் கடலுக்குள் வரக் கூடாது என்று தடுத்தது. அந்தத் தடையை நீக்கச் சொல்லியும் நீதிமன்றம் போனீர்கள், தோற்றீர்கள். பிறகு கை மாறி, கனிமம் சுமக்கும் கப்பலாகி, ஓரியண்டல் நைசிட்டி என்ற பெயரோடு 2012இல் அது குஜராத்தின் அலங் கரைக்கு உடைக்க வந்தது. நம் உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், அனுமதி கிடைத்து, அதை உடைத்தார்கள். அலாஸ்காவில் யாருக்கும் வேண்டாத அந்த இரும்பை அறுத்தவை எங்கள் நாட்டுக் கூலிக்காரர்களின் கைகள்.

நீங்கள் மாறிவிட்டீர்கள் என்கிறீர்கள். வால்டீஸுக்குப் பிறகு 1992இல் உள்ளுக்குள் ஒரு பாதுகாப்பு மேலாண்மை முறையைக் கொண்டுவந்தீர்கள். இரட்டைத் தகடு அடித்தட்டு இப்போது சட்டம். வால்டீஸிலிருந்து சரக்கோடு கிளம்பும் ஒவ்வொரு டேங்கரோடும் இரண்டு இழுவைப் படகுகள் கூடவே போகின்றன. உள்ளூர் ஜனங்களின் கண்காணிப்புக் குழு ஒன்று இருக்கிறது, அதற்கான காசு எண்ணெய்த் தொழிலிலிருந்தே வருகிறது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள்.

மாறிவிட்டீர்களா என்று பார்க்க எனக்கு ஓர் இடம் தெரியும். கயானா.

தென் அமெரிக்காவில் இருக்கும் அந்த நாட்டின் கரையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, ஆழ்கடலில் இன்று ஒரு நாளைக்கு 6 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுக்கிறீர்கள். 2019இல்தான் ஆரம்பித்தீர்கள். குழாய் வழியாகக் கரைக்கு வருவதில்லை. 16 லட்சம், 20 லட்சம் பீப்பாய் கொள்ளும் மிதக்கும் கிடங்குக் கப்பல்களில் சேர்த்து, நடுக்கடலிலேயே டேங்கர்களுக்கு மாற்றுகிறீர்கள். வால்டீஸில் கொட்டியது இரண்டரை லட்சம் பீப்பாய் சொச்சம் என்பதை உங்களுக்கு நினைவுபடுத்துகிறேன். கயானாவின் கரை தாழ்ந்த கரை, சதுப்புநிலக் காடுகளும் ஷெல் பீச்சில் ஆமைகள் முட்டையிடும் மணலும் கொண்டது. கரும்புத் தோட்டங்களுக்காக மதராஸிலிருந்து கப்பல் ஏற்றிக் கொண்டுபோகப்பட்ட எங்கள் ஆட்களின் வாரிசுகள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை இன்றும் மதராஸி என்றே அழைக்கிறார்கள், மாரியம்மனுக்குக் கோயில் வைத்திருக்கிறார்கள். உறவு என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது போதும்.

2023 மே மாதம், இரண்டு கயானாக் குடிமக்கள் தொடுத்த வழக்கில் அந்த நாட்டு உயர் நீதிமன்றம், கசிவு நடந்தால் ஆகும் முழுச் செலவுக்கும் தாய் நிறுவனமான நீங்கள் வரம்பில்லாத உத்தரவாதம் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அங்கே தொழில் நடத்துவது உங்கள் துணை நிறுவனம். அதன் கையில் இருப்பதோடு முடிந்துபோகக் கூடாது என்பதுதான் விஷயம். உரிமத்தின் நிபந்தனையை மீறியிருக்கிறீர்கள் என்றும் நீதிபதி சொன்னார். உடனே மேல்முறையீடு. அடுத்த மாதமே இடைக்காலத் தடை, அதற்குப் பதிலாக 200 கோடி டாலர் உத்தரவாதம்.

200 கோடி! அலாஸ்காவில் கரையைக் கழுவ மட்டும் நீங்களே செலவழித்ததாகச் சொல்லும் தொகையை விட இது குறைவு. அதுவும் அன்றைய காசில். மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் நடந்த கசிவுக்கு பிபி நிறுவனத்துக்கு ஆன செலவு 6,000 கோடி டாலரைத் தாண்டியது. இந்தக் கணக்கு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். கசிவு நடக்காது என்று உண்மையிலேயே நம்பினால், வரம்பில்லாத உத்தரவாதத்தில் கையெழுத்துப் போடுவதால் உங்களுக்கு ஒரு காசு செலவில்லை. நடக்கலாம் என்று நினைத்தால், அந்த ஆபத்தைக் கயானாவின் மீனவன் தலையில் ஏன் வைக்கிறீர்கள்?

அதனால் இரண்டு விஷயம் கேட்கிறேன். அலாஸ்காவின் சரளைக்கு அடியில் இன்னும் கிடக்கும் எண்ணெய்க்காக அரசுகள் கேட்டுக் கைவிட்ட அந்த 9.2 கோடி டாலரை, யாரும் கேட்காமலேயே கொடுத்துவிடுங்கள். அது கார்டோவா, செனீகா, அந்தக் கடலோரத்து இன்னொரு கிராமமான டாட்டிட்லெக் ஜனங்கள் தங்கள் கடலைத் தாங்களே ஆராய்ந்து பார்க்கப் போகட்டும். கயானாவில் வழக்காடுவதை நிறுத்திவிட்டு, தாய் நிறுவனத்தின் பெயரில் வரம்பில்லாத உத்தரவாதத்தில் கையெழுத்துப் போடுங்கள். கசிவு நடந்தபிறகு போட வேண்டாம். இப்போதே, உங்கள் அடுத்த கூட்டத்திலேயே போடுங்கள்.

எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. கையெழுத்திட்ட தாளைக் கயானாவின் தலைநகர் ஜார்ஜ்டவுனில் வெளியிடுங்கள், நான் அங்கிருந்து தேடி எடுத்துப் படித்துக்கொள்கிறேன். எர்ணாவூர் அண்ணனிடமும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
எர்ணாவூர்ப் பாறைகளில் வாளி பிடித்தவர்களில் ஒருத்தி